ஹேங் ஆகும் பழைய கம்ப்யூட்டர்: ஃபார்மட் அடிப்பதற்கு முன்

பழைய டெஸ்க்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறது என்று கடைக்குத் தூக்கிப் போனால், “ஓஎஸ் கரப்ட் ஆயிருக்கும், ஃபார்மட் அடிச்சிடலாம்” என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். அடுத்த வாரமே மறுபடி நின்ற பிறகுதான் ஹார்டு டிஸ்க், ராம், எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று ஒவ்வொன்றாகச் சந்தேகம் வரும். இந்த வரிசை தலைகீழ். உயிர் போகிற நிலையில் இருக்கும் டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் போட்டோக்கள் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

இங்கே மனதில் வைத்திருப்பது 2008 முதல் 2014 வரை வாங்கிய அசெம்பிள்டு சிஸ்டங்களை: இன்டெல் ஜி31, ஜி41 போர்டில் கோர் 2 டுவோ, அல்லது ஹெச்61 போர்டில் ஐ3. டிடிபி சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவை. மற்ற பழைய சிஸ்டங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

‘ஹேங்’ என்று ஒரே வார்த்தையில் சொல்வது குறைந்தது மூன்று வேறு வேறு கோளாறுகள். அடுத்த முறை நிற்கும்போது உடனே ரீசெட்டை அழுத்தாமல், கீபோர்டில் கேப்ஸ் லாக்கை நான்கைந்து தடவை தட்டுங்கள். அதே நேரத்தில் கேபினெட் முகப்பில் இருக்கும் ஹார்டு டிஸ்க் விளக்கையும் பாருங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கு மாறி மாறி எரிந்து அணைகிறது, மவுஸும் நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது. டிஸ்க்கிடம் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் விட்டால் தானாகவே விழித்துக்கொள்ளும். இது டிஸ்க், அதன் கேபிள், அல்லது ராம் போதாமை.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை, மவுஸ் உறைந்துவிட்டது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஸ்பீக்கரில் ஒரே துண்டு சத்தம் ‘ர்ர்ர்’ என்று இழுக்கிறது என்றால் அது முழு முடக்கம். ராம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு கண்டன்சர் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறிய உருளை), கிராபிக்ஸ் கார்டு என்று இந்தப் பக்கம் தேட வேண்டும். எப்போதாவது டிரைவரும் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்) காரணமாக இருக்கலாம்.

ஒரே ஒரு புரோகிராம் மட்டும் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வெளுத்துப்போய், மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் அந்தப் புரோகிராமைச் சரிசெய்தால் போதும். ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டாம்.

அடுத்தது நேரம். காலையில் ஆன் செய்ததும் ஒன்றிரண்டு முறை நிற்கிறது, ரீசெட் அடித்து அடித்து ஓட்டிவிட்டால் அப்புறம் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் கண்டன்சர் மேல்தான் முதல் சந்தேகம். பழசான எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சரின் உள் எதிர்ப்பு குளிர்ந்த நிலையில் அதிகமாக இருக்கும், சூடேறினால் குறையும். இதற்கு நேர்மாறாக, ஆன் செய்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு திணறி நின்றால் சூட்டைப் பாருங்கள். வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போதோ ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதோ மட்டும் நின்றால் சிஸ்டத்துக்கு வெளியே, கரன்ட்டிலும் யூபிஎஸ் பேட்டரியிலும் தேட வேண்டும். சிறிய யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். ஓய்ந்த பேட்டரியோடு இருக்கும் யூபிஎஸ்ஸைவிட நேராகச் சுவரில் செருகுவது மேல்.

இரண்டு நாள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: மணி, எவ்வளவு நேரம் ஓடியது, என்ன வேலை நடந்தது, கேப்ஸ் லாக் எரிந்ததா. கடைக்குத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றாலும் இந்தத் தாளையும் கூடவே கொடுங்கள்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரிலும் ஒரு தடயம் இருக்கும். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தட்டி, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், ஹேங் ஆன நிமிடத்துக்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 என்ற எண் இருந்தால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன இடம். 11, 51, 129, 153 ஆகியவை டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே ஏதோ தடுக்கிறது என்பதன் அடையாளம். கெர்னல் பவர் 41 என்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி ஆன் ஆனது என்பதுதான் அதன் பொருள். நீங்களே ரீசெட்டை அழுத்தியிருந்தாலும் 41 பதிவாகும்.

ஹார்டு டிஸ்க்

பத்து வருடம் ஓடிய டிஸ்க்தான் முதல் சந்தேக நபர். ஒரு செக்டாரை, அதாவது டிஸ்க்கின் ஒரு சிறு பகுதியைப் படிக்க முடியாதபோது டிஸ்க் உடனே கைவிரிப்பதில்லை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் படித்துப் பார்க்கும். அந்த ஒரு துண்டு வரும்வரை அதைக் கேட்ட புரோகிராம் நிற்கும். விண்டோஸின் பேஜ் ஃபைலும் (ராம் போதாதபோது பயன்படுத்தும் ஃபைல்) அதே டிஸ்க்கில் இருப்பதால் மற்றவையும் பின்னால் வரிசைகட்டி நின்றுவிடும். காதை கேபினெட் பக்கம் வைத்தால் சில சமயம் ‘டிக்… டிக்…’ என்று ஒரே சீராகக் கேட்கும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பு தெரியும். மேலே ‘குட்’ என்று நீலத்தில் இருந்தால் அதோடு நம்பிவிட வேண்டாம்; கீழே இருக்கும் நான்கு வரிகளைப் படியுங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் இன்னும் முடிவாகாமல் நிற்பவை. சி6 என்பது சோதனையிலும் மீட்க முடியாதவை. சி7 என்பது கேபிள் வழியே வரும்போது சிதைந்த தகவல். கடைசியில் உள்ள ரா மதிப்பு சாதாரணமாகப் பதினாறடிமான எண்ணில் இருக்கும், அதாவது 64 என்று தெரிந்தால் உண்மையில் 100. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய் 10 என்பதைத் தேர்ந்தால் நமக்குப் பழக்கமான எண்ணாகிவிடும்.

ஹேங் ஆவதற்கு நேரடிக் காரணம் பெரும்பாலும் சி5. அது பூஜ்யமாக இல்லையென்றால் வேறெதையும் தொடுவதற்கு முன் டேட்டாவை வெளியே எடுங்கள். 05 சிறிய எண்ணாக இருந்து மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் டிஸ்க் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம். வாராவாரம் ஏறினால் நம்பக் கூடாது. சி7 மட்டும் அதிகமாக இருந்தால் மகிழ்ச்சி, ஏனென்றால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் நூறு ரூபாய் சாட்டா கேபிள்தான். ஆனால் சி7 எண் ஒருபோதும் குறையாது. இப்போதுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றி, போர்டில் வேறு சாட்டா முனையில் செருகி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது.

டேட்டா எடுக்கும்போது செய்யும் பெரிய தவறு, முதலில் செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவி) போடுவது. மேற்பரப்பு முழுவதையும் படிக்கச் சொல்லும் செக் டிஸ்க், தள்ளாடும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைக்கும். நடுவிலேயே டிஸ்க் படுத்துவிடலாம். முதலில் மாற்ற முடியாதவற்றை, அதாவது போட்டோ, கணக்கு, டிடிபி வேலைகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விண்டோஸே எழும்பாவிட்டால் லினக்ஸ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து எடுக்கலாம். டேட்டா உண்மையிலேயே முக்கியம் என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி உண்டு: நன்றாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும்.

பிறகு மாற்று டிஸ்க். இந்த இடத்தில் மீண்டும் ஹார்டு டிஸ்க் வாங்காமல் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) வாங்குங்கள். 240 அல்லது 256 ஜிபி போதும். ஜி31, ஜி41 போர்டில் சாட்டா 2 வேகம்தான், எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது. இருந்தாலும் பழைய சிஸ்டத்துக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை. பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரை) ஏஹெச்சிஐ என்ற டிஸ்க் முறைக்கான தேர்வு இருந்தால் ஓஎஸ் போடுவதற்கு முன்பே அதை வையுங்கள். ஜி31 போர்டுகள் பலவற்றில் அந்தத் தேர்வே இருக்காது. ஐடிஇ என்ற பழைய முறையிலும் எஸ்எஸ்டி ஓடும். எஸ்எஸ்டி போட்ட பிறகும் அவ்வப்போது அரை நிமிடம் உறைந்து விழித்தால், பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற தலைப்பின் கீழ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்டை ஆஃப் செய்து பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸும் கண்டன்சரும்

முழு முடக்கம் என்றால் இங்கே வாருங்கள். பவர் கார்டைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்த பிறகு கேபினெட்டைத் திறந்து, டார்ச் அடித்து பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் உருளைகளைப் பாருங்கள். நல்ல கண்டன்சரின் தலை நாணயம் மாதிரி தட்டையாக இருக்கும். அதில் கூட்டல் குறி போல ஒரு கீறல். கெட்டதன் தலை பூரி மாதிரி லேசாக உப்பியிருக்கும், கீறலில் பழுப்பாகக் காய்ந்த கறை இருக்கும். சிலது மேலே தட்டையாகவே இருந்து, அடிப்பக்கம் பிதுங்கிச் சாய்ந்து நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். விரல் நுனியால் தலையைத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத உப்பலும் தட்டுப்படும்.

இந்தக் கண்டன்சர்களின் வேலை, 12 வோல்ட்டிலிருந்து பிராசசருக்கு வேண்டிய ஒரு வோல்ட்டுச் சொச்சத்தை அலையில்லாமல் கொடுப்பது. அவை தளர்ந்தால், சும்மா இருக்கும்போது பிரச்சினை வராது. வீடியோ ஓட்டினாலோ பெரிய ஃபைலைத் திறந்தாலோ மின்னழுத்தம் தள்ளாடும், பிராசசர் உறைந்துவிடும். ஒன்று உப்பியிருந்தால் அதே வரிசையில் உள்ள அத்தனையையும் மாற்றுவதுதான் முறை. மாற்றும் கண்டன்சரின் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் எதிர்ப்பு குறைந்த) வகை. இந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு ரேடியோவுக்குப் போடும் சாதாரண கண்டன்சரைப் போட்டால் சில மாதத்தில் மறுபடி உப்பும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்: கண்டன்சரில் பட்டை உள்ள பக்கம் நெகடிவ், ஆனால் போர்டில் அச்சடித்திருக்கும் அடையாளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலவற்றில் நேர் எதிராகவே இருக்கும். மதர்போர்டு பல அடுக்கு என்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். பழக்கமில்லாதவர்கள் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்; அவர்களுக்கு இது தினசரி வேலை.

போர்டு சுத்தமாக இருந்தால் எஸ்எம்பிஎஸ். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சும்மா கிடக்கும் நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பில் அளந்து பாருங்கள். கருப்பு ஒயரில் மீட்டரின் கருப்பு முனை. மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். மதர்போர்டுக்குப் போகும் 24 முனை இணைப்பின் பின்புறம் ஆரஞ்சு ஒயரில் 3.14 முதல் 3.47 வரை. சும்மா இருக்கும்போது ஒரு தடவை, வீடியோ ஓட்டிக்கொண்டே பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுக்கும்போது ஒரு தடவை அளங்கள். மஞ்சள் 12.1 இலிருந்து 11.3க்கு இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுங்கள். மீட்டர் முனை நழுவி மஞ்சளையும் கருப்பையும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட், கவனம்.

அளவு சரியாகக் காட்டினாலும் எஸ்எம்பிஎஸ் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. நொடிக்குப் பல்லாயிரம் முறை வரும் அலையைச் சாதாரண மீட்டர் காட்டாது. தெரிந்தவர் ஒருவரின் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கண்டன்சரில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

புதிதாக வாங்கும்போது மேலே பெரிதாக எழுதியிருக்கும் 450 வாட்டைப் பார்க்க வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டில் அதிகபட்சம் 192 வாட்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கோர் 2 டுவோ சிஸ்டத்துக்கு அதுவே தாராளம். கார்டு இருந்தால் கணக்குப் போட்டு வாங்க வேண்டும்.

ராம்

கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேயுங்கள். இங்க் அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், முலாம் போய்விடும். ரப்பர் துகளைத் துடைத்து, ஸ்லாட்டை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் ‘டக்’ என்று தானாக மூடும்வரை அழுத்துங்கள். கடலோர ஊர்களில் இதை மட்டும் செய்தே பல சிஸ்டங்கள் சரியாகிவிடும்; உப்புக் காற்றில் பற்கள் சீக்கிரம் மங்கும்.

பிறகும் நின்றால் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ராம் சோதனை மென்பொருள். பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். குறைந்தது நான்கு சுற்று. சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். உடனே ராமைத் தூக்கி எறிய வேண்டாம்: ஒரு ஸ்டிக்கை மட்டும் போட்டுச் சோதியுங்கள், பிறகு அதையே மற்ற ஸ்லாட்டில். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக், ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டு.

சூடு

இன்டெல் பிராசசர் சூடானால் முதலில் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகும் ஏறினால் பட்டென்று ஆஃப் ஆகும். ஆகவே திணறலும் திடீர் அணைப்பும் பிராசசர் சூட்டின் அடையாளம். திரை உறைந்து நிற்பது சிப்செட் அல்லது கிராபிக்ஸ் கார்டின் சூடாகவும் இருக்கலாம். பிராசசரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் அறையில் சும்மா இருக்கும்போது 45, 50 டிகிரி காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. வேலை கொடுத்ததும் 85ஐத் தாண்டினால் திறக்க வேண்டும்.

ஃபேனுக்கு மேலே ஊதினால் போதாது. ஃபேனைக் கழற்றினால்தான் ஹீட் சிங்க் தகடுகளின் மேல் கம்பளி மாதிரி படிந்திருக்கும் தூசி தெரியும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுக்கடங்காமல் சுற்றி பேரிங் போய்விடும். 775 சாக்கெட் ஹீட் சிங்கின் நான்கு கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்திப் பூட்டியதும், போர்டின் பின்புறம் நான்கு வெள்ளை முனைகளும் விரிந்து நிற்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். ஒரு கால் பிடிக்காமல் இருந்தாலே பத்து, பதினைந்து டிகிரி கூடலாம். பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையிலுள்ள பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் துவரம் பருப்பு அளவு புதியது வைத்தால் போதும். வழிய வழியத் தடவுவதால் எந்தப் பலனும் இல்லை.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

ஹார்டு டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றுங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் எடுத்துவிட்டு, மானிட்டரை ஆன்போர்டு முனையில் செருகுங்கள். கீபோர்டு, மவுஸ் தவிர மற்ற யூஎஸ்பி எல்லாம் வெளியே. ஒரு லினக்ஸ் பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். 2 ஜிபி ராம் என்றால் பப்பி லினக்ஸ் மாதிரி சிறியது, 4 ஜிபி இருந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. இரண்டு மூன்று மணி நேரம் சாதாரணமாக வேலை செய்யுங்கள். நிற்கவே இல்லை என்றால் குற்றம் நீங்கள் கழற்றியவற்றில் ஒன்றிலோ விண்டோஸிலோ இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பாருங்கள். அப்போதும் நின்றால் விண்டோஸ் நிரபராதி, மிச்சம் இருப்பது போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ், பிராசசர். அதில் பிராசசர் கெடுவது அரிது.

விண்டோஸ் பக்கம் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள். சேஃப் மோடில் நிற்காமல் ஓடினால் டிரைவர் அல்லது ஸ்டார்ட்அப் புரோகிராம். 2 ஜிபி ராமில் விண்டோஸ் 10 ஓட்டி, குரோமில் பத்து டேப் திறந்தால் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, 4 ஜிபி ஆக்குங்கள். ஜி31 போர்டின் உச்சவரம்பும் 4 ஜிபிதான். டிடிஆர்2 ராம் இப்போது பழசுதான் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் தேடலாம், மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்றே முடிந்தது. கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11 போட முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்: அதன் 24ஹெச்2 பதிப்பு கேட்கும் கட்டளைத் தொகுப்பு அந்தப் பிராசசரில் இல்லை, பூட்டே ஆகாது.

சிமோஸ் பேட்டரி (பயாஸ் அமைப்பையும் தேதியையும் காக்கும் மதர்போர்டு பேட்டரி) தீர்ந்தால் ஹேங் ஆகும் என்று பலர் சொல்வார்கள். பொதுவாக ஆகாது. ஆனால் பயாஸ் அமைப்பு அழிந்து ஏஹெச்சிஐ என்பது ஐடிஇ ஆக மாறி, விண்டோஸ் நீலத்திரை காட்டும். தேதி 2009 என்று காட்டினால் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ராமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது கெட்டது என்று தெரியாது. நல்லதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கெட்டதை அலமாரியில் ‘ஸ்பேர்’ என்று பத்திரப்படுத்தி வைப்போம். சரியான பிறகு ஒரு வாரம் அந்தத் தாளைத் தொடருங்கள். பழைய டிஸ்க்கையே வைத்திருந்தால் ஏழாம் நாள் 05, சி5, சி7 மூன்றையும் மறுபடி பார்த்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.